பழைய மொரிஸ் மைனரில் கியர் மாற்றப் பழகுவோம்

புதுக் காரில் பழகியவர்கள் மொரிஸ் மைனரில் ஏறினால் முதல் கியர் போடும்போதே ‘கர்ர்’ என்று சத்தம் வரும். கார் பழசாகிவிட்டதே என்று பயப்படாதீர்கள். இதிலுள்ள நான்கு கியர்களில் மேல் மூன்றுக்குத்தான் சின்க்ரோமெஷ் உண்டு. பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்திவிட்டுக் கோர்க்கிற அமைப்பு அது. முதல் கியருக்கு அது கிடையாது. அந்த வேலையை உங்கள் காலும் கையும்தான் செய்ய வேண்டும்.

பழக நல்ல இடம் மட்டக்களப்பின் படுவான்கரை வயல் வீதிகள். சமதரை, வாகனமும் குறைவு. கல்லடிப் பாலத்து நெரிசலுக்குள் முதல் நாளே போக வேண்டாம்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யமுன் கியர்த் தடியை ஆட்டி, நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். சரி, ஸ்டார்ட் செய்தாயிற்று. கிளட்சை முழுதாக மிதியுங்கள். உடனே முதல் கியரைப் போடாதீர்கள். கியர்ப்பெட்டிக்குள் பற்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். தடியை இரண்டாம் கியர்ப் பக்கம் மெல்ல இழுங்கள். அங்குள்ள சின்க்ரோமெஷ் அந்தச் சுற்றலை நிறுத்திவிடும். அப்படியே முதல் கியருக்குத் தள்ளினால் சத்தமில்லாமல் விழும்.

1956இல் வந்த 948 சிசி மைனரில், முதல் கியரில் பின்சக்கரம் ஒரு தரம் சுற்ற எஞ்சின் ஏறக்குறைய 16.5 தரம் சுற்ற வேண்டும். நான்காம் கியரில் 4.55 தரம் போதும். முதல் கியரில் இழுவை இருக்கும், ஓட்டம் இராது. அதனால் கார் நகர்ந்து பிடித்ததும் இரண்டுக்கு மாற்றுங்கள். வேகமானி மைலில் காட்டும்: 20 வாக்கில் மூன்று, 30 தாண்டியதும் நான்கு.

அப்புறம்தான் உண்மையான பாடம். முன்னால் நெல் மூட்டையோடு உழவு இயந்திரம் ஊர்ந்து போகிறது. நீங்கள் இரண்டாம் கியரில் இருக்கிறீர்கள், எஞ்சின் திணறுகிறது. ஓட்டத்திலேயே முதல் கியருக்கு இறங்க வேண்டும். இதற்கு இரட்டைக் கிளட்ச்:

1. கிளட்சை மிதித்துத் தடியை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள்.
2. கிளட்சை முழுதாக விடுங்கள்.
3. அக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுங்கள். எஞ்சினோடு பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரமும் வேகம் பிடிக்கும்.
4. மறுபடி கிளட்சை மிதித்து முதல் கியரைப் போடுங்கள்.

இரண்டாவது படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிளட்ச் மிதித்தபடியே அக்சிலேட்டரைத் தட்டினால் எஞ்சின் மட்டும்தான் இரையும்; பற்சக்கரத்துக்கு அந்த வேகம் போய்ச் சேராது. தடி ஏற மறுத்தால் ஒருநாளும் பலம் போடாதீர்கள். பற்களின் ஓரம் உடைந்தால் பெட்டியையே இறக்க வேண்டி வரும். நியூட்ரலுக்கு வந்து திரும்பச் செய்யுங்கள்.

ஓடும்போது இடது காலைக் கிளட்சின் மேல் வைத்திருக்கவும் கூடாது. இதன் கிளட்ச் பெயாரிங் கரியால் ஆனது, தேய்ந்துகொண்டே போகும். கராஜில் ஒயில் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்: கியர்ப்பெட்டிக்கு எஞ்சின் ஒயில், பின் அச்சுக்குத்தான் 90ஆம் நம்பர் கியர் ஒயில்.