பில் போட்ட பணம் நாள் தவறாமல் வர

வியாசர்பாடியில் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், மணலியில் வேலை எடுத்திருக்கும் ஒப்பந்ததாரருக்கு 2,00,000 ரூபாய்க்குக் குழாய்த் தாங்கிகள் செய்து கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மண்ணடியில் தகடும் ஆங்கிளும் ரொக்கத்துக்கு வாங்க 1,20,000, சனிக்கிழமைக் கூலிக்கு 30,000, மிச்சம் 50,000 என்று அவர் மனக்கணக்குப் போடுவார். சரக்குக்குக் கட்டிய 18 சதவீத ஜிஎஸ்டி 21,600 ரூபாயும், பில்லுக்கான வரி 36,000இல் அதைக் கழித்துவிட்டு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய மீதி வரி 14,400 ரூபாயும் அதில் இல்லை. ஆக, ஒரு ரூபாய்கூட வராத நிலையில் கையைவிட்டுப் போனது 1,86,000 ரூபாய். அதை மூன்று வட்டிக்குப் புரட்டியிருந்து, பணம் தொண்ணூறு நாள் கழித்து வந்தால், ஏறத்தாழ 16,000 ரூபாய் வட்டிக்கே சரியாகிவிடும். வாடகையும் கரண்ட் பில்லும் தனி.

எனவே ஆர்டர் பேசும்போது விலைக்கு முன்பாக நாளைப் பேசுங்கள். குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்கும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை வழங்குபவருக்கும், 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் உடன்பாடு இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணம் வந்தாக வேண்டும். தொண்ணூறு நாள் என்று ஆர்டரில் எழுதியிருந்தாலும் 45 நாள்தான் செல்லும். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லாததால், அவர் முன்பணத்தைத்தான் நம்ப வேண்டும்.

உத்யம் எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள். சரக்கு இறங்கியதும் டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கேட்டில் வாட்ச்மேன் குத்தும் சீல் மட்டும் போதாது. குறை இருந்தால் 15 நாட்களுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு.

வருமான வரிச் சட்டத்தில் 2023இல் சேர்ந்த திருத்தத்தின்படி, கெடு தாண்டிய பாக்கியைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்குபவர் செலவாகக் கழிக்க முடியும். ஆகவே மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடியுமுன், பிப்ரவரி கடைசியில் முதலாளியைவிட அவருடைய கணக்கரிடம் பேசுவது பலன் தரும். தாமதமான பாக்கிக்கான அரசு இணையத் தளத்தில் புகார் அளித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கோரலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் பெரும்பாலும் திரும்ப வரமாட்டார் என்பதால், இழக்கத் துணிந்தவர்மீது மட்டும் அதைப் பயன்படுத்துவதே என் யோசனை.

இப்படிப்பட்ட பட்டறைக்கு ஆலோசகராகப் போகிறவர் லாப நட்டக் கணக்கைப் புரட்டுமுன் பாக்கி நோட்டைக் கேட்டு வாங்கி, யார் எத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறார் என்று வரிசைப்படுத்த வேண்டும். பாக்கியில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடம் நின்றால், அடுத்த ஆர்டருக்கான தகட்டை அவரே வாங்கித் தரட்டும், கூலிக்கு மட்டும் பில் போடுகிறோம் என்று பட்டறைக்காரரைப் பேசச் சொல்லலாம். அப்போது மேலே சொன்ன வேலையில் பட்டறைக்காரர் போட வேண்டிய கைமுதல், வரி நீங்கலாக, 30,000 ரூபாய்தான்.