ஆளைப் பார்த்து வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்து மயிலாடிப் பட்டறைகளில் கல்லில் சிற்பம் பழகியவர்களுக்குத் தாலக் கணக்கு, அதாவது சிலையின் உடலளவுகளை வகுக்கும் சிற்ப சாஸ்திரக் கணக்கு, அத்துப்படி. அதில் ஒரு வகையான உத்தம தசதாலம் என்றால் மொத்த உயரம் 124 அங்குலம். ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல, சிலையின் உயரத்தையே பங்கிட்டு எடுப்பது. தெய்வ உருவத்துக்கு வகுத்த இந்த அளவை, எதிரே நிற்கும் ஆள்மேல் ஏற்றிவிடுவார்கள். நம்மில் பெரும்பாலோர் தலையளவுக்கு ஏழு, ஏழரை மடங்குதான். கைக்குழந்தை நாலு மடங்கு. கணக்கு தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் பென்சிலை நீட்டிப் பிடித்து, எதிரே இருப்பவரை அளந்த பிறகுதான் அதற்கு வேலை.

அடுத்தது, கண்ணிலிருந்து தொடங்குவது. முகம் அழகாக வரும், கால் வரைய தாளில் இடம் இருக்காது. உச்சந்தலைக்கும் பாதத்துக்கும் முதலில் குறி போடுங்கள். நிற்கிற ஆளுக்கு உடம்பின் பாதி, தொப்புளில் இல்லை, தொடைகள் சேரும் இடத்தை ஒட்டி வரும்.

எல்லாவற்றையும்விடப் படத்தைக் கெடுப்பது பாரத்தைக் கவனிக்காததுதான். வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பாருங்கள், இரண்டு காலிலும் சமமாக நிற்பவர் அபூர்வம். பாரம் தாங்கும் காலின் பக்கம் இடுப்பு ஏறும். பெரும்பாலும் அதே பக்கத் தோள் இறங்கும். புதிதாக வரைபவர்கள் இடுப்பையும் தோளையும் சாய்வில்லாமல் நேர்மட்டமாகப் போட்டுவிடுவார்கள், ஆள் துணிக்கடை பொம்மை மாதிரி ஆகிவிடுவார். கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கழுத்துக்குழியிலிருந்து தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்: ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பவருக்கு நூல் அந்தக் காலின் உள்கணுக்கால் அருகே விழும். அங்கே விழவில்லையென்றால், எவ்வளவு நிழல் தீட்டினாலும் படத்திலிருப்பவர் சாய்ந்துகொண்டேதான் இருப்பார். 2000-ல் திறந்த கன்னியாகுமரி வள்ளுவர் சிலையிலும் அதை வடித்த கணபதி ஸ்தபதி இடுப்பை லேசாக வளைத்துத்தான் வைத்திருக்கிறார். அத்தனை டன் கல், ஆனாலும் விறைப்பே இல்லை!

கையும் பாதமும் சின்னதாகிவிடுவது எல்லோருக்கும் நடப்பது. உள்ளங்கையின் அடியைத் தாடையில் வைத்து விரலை நீட்டிப் பாருங்கள், நெற்றி மேல்வரை வரும்.

போர்டை மடியில் படுக்கப் போட்டு வரையாதீர்கள், அளவு இழுபட்டுவிடும், நிமிர்த்தி வையுங்கள். மாடல் கிடைக்கவில்லையே என்று செல்போன் படத்தைப் பார்த்து வரைவதும் வேண்டாம். பக்கத்தில் நின்று எடுத்தால் லென்ஸுக்கு அருகில் இருக்கும் கை பெருத்துத் தெரியும். அதைவிடத் தோவாளையில் பூக்கட்டுகிற அக்காக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்காமல் வரைந்தால் சண்டைதான். விரல் ஓயாது, ஆனால் முதுகும் மடக்கிய காலும் நெடுநேரம் அசையாது, அவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.