வாடகை வீட்டு கரண்ட் ரீடிங்: கையைக் கடிக்கும் தவறுகள்

கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கம் மாடிப் போர்ஷனுக்குக் குடிவருகிறவர்கள் இப்போதெல்லாம் பால் காய்ச்சுகிற அன்றே மீட்டரை போட்டோ எடுத்துவிடுகிறார்கள். அதனால் "ரீடிங் எழுத மறக்காதீர்கள்" என்று இங்கே சொல்லப்போவதில்லை. எடுத்த ரீடிங் பில் வரும் நாளில் ஏன் உதவாமல் போகிறது என்பதுதான் விஷயம்.

தப்பான திரையைப் பிடிப்பது

டிஜிட்டல் மீட்டரின் திரை சில விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். தேதி, நேரம், வோல்டேஜ், அதிகபட்ச லோடு என்று எல்லாம் வரிசையாக ஓடும். பில்லுக்கு வேண்டியது பக்கத்தில் கே-டபிள்யூ-ஹெச் (kWh, அதாவது யூனிட்) என்று காட்டும் எண் மட்டுமே. சில மீட்டர்களில் கே-வி-ஏ-ஹெச் (kVAh) என்று இன்னொரு எண்ணும் ஓடும். பெரும்பாலும் அது கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வரும்போது ஒன்று, போகும்போது மற்றொன்று என்று எடுத்து வைத்தால் கழித்து வரும் விடைக்கு அர்த்தமே இல்லை.

போட்டோவைவிட வீடியோ நல்லது. மீட்டர் உடலில் இருக்கும் மீட்டர் எண்ணில் தொடங்கி, திரை ஒரு சுற்று முடியும்வரை எடுங்கள். ஒரே பலகையில் நாலு மீட்டர் இருக்கும் வீடுகளில் அந்த எண் இல்லாத படம் செல்லாது.

சிவப்பு எண்

பழைய சப் மீட்டரில் (ஓனர் போர்ஷனுக்குத் தனியாக வைக்கும் மீட்டர்) கடைசியில் சிவப்பாகச் சுற்றுவது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. அதைச் சேர்த்து எழுதாதீர்கள்.

குடிவந்த நாள் ரீடிங் போதும் என்று நினைப்பது

இத்தனை பேர் இத்தனை முறை ஏமாந்த பிறகும் ஓயாத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

ஈபி பில் நீங்கள் குடிவந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. கணக்கீட்டாளர் கடைசியாக வந்துபோன நாளிலிருந்து ஓடுகிறது. தமிழ்நாட்டில் அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் குடிவந்தால் முதல் பில்லில் பழைய வாடகைதாரர் ஓட்டிய ஏசியும் சேர்ந்தே வரும். அதைப் பிரிக்க மூன்று எண்கள் வேண்டும்: ஈபி கடைசியாக எடுத்த ரீடிங், நீங்கள் குடிவந்த நாள் ரீடிங், அடுத்து ஈபி எடுக்கும் ரீடிங்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஈபி கடைசியாக எடுத்தது 14,210. நீங்கள் வந்த அன்று 14,530. அடுத்து ஈபி வந்தபோது 14,740. பழையவர் 320, நீங்கள் 210, மொத்தம் 530 யூனிட்.

2022 செப்டம்பரில் வந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். விகிதம் அவ்வப்போது மாறும், பிரிக்கும் முறை மாறாது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 தாண்டிவிட்டதால் 101 முதல் 400 வரை யூனிட் 4.50 வீதம் 1,350 ரூபாய். அடுத்த 100 யூனிட் 6 ரூபாய் வீதம் 600. மீதி 30 யூனிட் 8 ரூபாய் வீதம் 240. ஆக மொத்தம் 2,190 ரூபாய். நீங்கள் மட்டும் தனியாக 210 யூனிட் ஓட்டியிருந்தால் வந்திருக்கும் பில் 270 ரூபாய்தான்.

நியாயமான வழி, மொத்தத் தொகையை யூனிட் விகிதத்தில் பிரிப்பது. 2,190ஐ 530ஆல் வகுத்து 210ஆல் பெருக்கினால் சுமார் 868 ரூபாய். மீதி 1,322 பழையவர் கணக்கு. ஆனால் அவருடைய அட்வான்ஸை ஹவுஸ் ஓனர் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தப் பணம் யாரிடமிருந்து வரும்? உங்களிடமிருந்துதான். அதனால் சாவி வாங்கும் முன்பே, ஓனர் பழையவருக்கு அட்வான்ஸைத் தரும் முன்பே, முதல் இரண்டு எண்களையும் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஈபி கடைசியாக எடுத்த ரீடிங், கணக்கீட்டாளர் எழுதும் வெள்ளை அட்டையில் இருக்கும். அட்டை எழுதாமல் கிடந்தால், சர்வீஸ் நம்பரை வைத்து ஈபி இணையதளத்தில் பழைய பில் விவரத்தைப் பார்க்கலாம். ஒப்பந்தத்தின் பின்பக்கம் இரண்டு எண்ணையும் தேதியோடு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் இன்னும் உறுதி.

அந்த 500 எல்லையையும் கவனியுங்கள். அதே விகிதப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501க்கு 1,958. ஒரே யூனிட்டில் 233 ரூபாய் ஏறுகிறது, காரணம் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த 2.25 ரூபாய் சலுகை விகிதம் போய்விடுகிறது. ஈபி வரும் நாளுக்குப் பத்து நாள் முன்பே ஒரு ரீடிங் எடுத்தால் ஏசியைக் குறைக்க அவகாசம் இருக்கும்.

புதுச்சேரிக்கும் இதே கணக்கு என்று நினைப்பது

அங்கே பில் மாதாமாதம், விகிதமும் வேறு.

உங்கள் மீட்டரில் வேறு யார் வீட்டு லைன்?

வீட்டுக்குள் மெயினை ஆஃப் செய்துவிட்டு மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் பாருங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் மோட்டாரையும் மாடிப்படி விளக்கையும் போடச் சொல்லுங்கள். விளக்கு மினுக்கினால் மற்றவர்கள் லைன் உங்கள் மீட்டரில் ஓடுகிறது.

சப் மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்பதையும் இப்படியே பார்க்கலாம். ஒரு யூனிட்டுக்கு 3,200 மினுக்கல் என்று மீட்டரில் எழுதியிருந்தால், 1,000 வாட் வாட்டர் ஹீட்டரை மட்டும் போட்டால் நிமிடத்துக்கு 53 முறை மினுக்க வேண்டும். வோல்டேஜைப் பொறுத்து கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். 70, 80 என்று போனால் மீட்டரை மாற்றச் சொல்லுங்கள்.

கதவைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவது

மீட்டர் வீட்டுக்குள் இருந்து கணக்கீட்டாளர் பார்க்க முடியாமல் போனால் முந்தைய பில் தொகையையே போட்டுவிடுவார்கள். உங்களுக்கு முந்தைய பில் என்பது பழைய வாடகைதாரருடையது. அடுத்த ரீடிங்கில் சரிசெய்வார்கள், ஆனால் அதற்குள் நீங்கள் காலி செய்தால், அதிகமாகக் கட்டியிருந்த பணம் ஓனருக்குப் போகும்.

கீழ்த்தள மீட்டர்

2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர் வீடுகளுக்குள் புகுந்தது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஒரு ரீடிங் எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள். நனைந்த மீட்டரைத் தொடாதீர்கள், ஈபி ஆள் வரட்டும்.

காலி செய்யும் நாள்

முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள், பிறகு ஓனரை வைத்துக்கொண்டு வீடியோ எடுங்கள். அன்றே உத்தேசமாக ஒரு தொகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கலாம். ஆனால் பில் வந்ததும் அதன் படத்தை அனுப்பி, யூனிட் விகிதத்தில் பிரித்து, மீதியைத் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.