அறப்போராட்டப் பயிற்சி தருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தின் தமிழ் பேசும் எல்லை ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வண்டித்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் ஏதாவது ஒரு குவாரிக்கோ கழிவுநீருக்கோ எதிராக ஊர் திரண்டால், அறப்போராட்டப் பயிற்சி கொடுக்கிறோம் என்று வெளியூரிலிருந்து இளைஞர்கள் வந்துவிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழியில் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. குடித்துவிட்டு வராதே, கெட்ட வார்த்தை பேசாதே, கம்பு கட்டை எடுத்து வராதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது யாரும் சொல்லாமலே ஊருக்குத் தெரியும்.

தத்துவத்திலேயே அரை நாளைத் தின்பது

புரொஜெக்டர் போட்டு, அமெரிக்க அறப்போராட்ட ஆய்வாளர் ஜீன் ஷார்ப் 1973-இல் பட்டியலிட்ட 198 வழிமுறைகளையும் ஒன்றுவிடாமல் வாசித்தால், அறுபதாவதில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். தத்துவம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூணாறிலிருந்து ஆரம்பியுங்கள். 2015 செப்டம்பரில் போனஸ் குறைந்தது என்றதும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். ‘பொம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடக் கிட்டே விடவில்லை. ஒன்பது நாளில் கேட்ட 20 சதவீதம் வந்தது. இதைச் சொல்லிவிட்டு, “நம்ம ஊர்ல யார் கை நின்னா எது நிக்கும்?” என்று கேளுங்கள். கூட்டம் தானாகப் பேச ஆரம்பிக்கும். தத்துவத்தில் முக்கால்வாசி அந்தப் பேச்சிலேயே வந்துவிடும்.

பொறுப்பாளர்களை மட்டும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது

ரோட்டில் உட்காரப்போவது தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்டம்) வேலைக்குப் போகிற அக்காமார். பயிற்சிக்கு வந்தவர் வார்டு செயலாளர். பிரயோஜனமில்லை.

அடி வாங்கப் பழக்கிவிட்டு, காத்திருக்கப் பழக்காதது

எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது இதற்குத்தான்.

பயிற்சி என்றாலே எல்லோரும் லத்தி சார்ஜைத்தான் ஒத்திகை பார்க்கிறார்கள். கையைக் கோத்து உட்காருவது, தூக்கும்போது உடம்பைத் தளர்த்திவிடுவது, தலையை மறைத்துக் குனிவது. பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், போட்டோவும் நன்றாக வரும். எதிர்ப்பக்கம் ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

எல்லையை ஒட்டிய ஒரு ஊரில் டிப்பர் லாரிகளை மறிக்க முடிவுசெய்தார்கள். இரண்டு நாள் பயிற்சி கொடுத்தவர் ஒரு தம்பி, கெட்டிக்காரர். நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். காலை ஏழு மணிக்கு அறுபது பேர் ரோட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள், கை கோத்து, முதுகு நிமிர்ந்து. முதல் டிப்பர் வந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்தார், இரண்டு காலையும் தூக்கி டேஷ்போர்டு மேல் போட்டார், போனில் படம் பார்க்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ரோட்டுப் புழுதியை வாரி முகத்தில் அடித்தது. ஒரு அக்கா என்னிடம், “ஏனுங்க, போலீசு எப்ப வரும்?” என்றார், பஸ்ஸுக்கு நிற்கிறவர் கேட்கிற மாதிரி.

ஒதுங்க இடமில்லை என்பதால் பெண்கள் தண்ணீரே குடிக்கவில்லை. மதியம் இரண்டு பேர் தலை சுற்றி விழுந்தார்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் பாதிப் பெண்கள் எழுந்து போனார்கள். மிச்சமிருந்த இளவட்டங்களில் ஒருவன், சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து எரிச்சலாகி, லாரிக் கண்ணாடி மேல் ஒரு கல்லை விட்டான். கால் மணி நேரத்தில் ஜீப் வந்தது. அதுவரை குவாரியின் லைசென்ஸைப் பற்றியதாக இருந்த விவகாரம், அன்று மாலையே கல்லெறி வழக்காக மாறிவிட்டது. கேரளத்தில் தனியார் சொத்தைச் சேதப்படுத்தினால் நஷ்டத்தை வசூலிக்க 2019-இலேயே தனிச் சட்டம் வந்தாயிற்று. கோர்ட்டுக்கு அலைந்தது அந்தப் பையன் மட்டுமில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும்தான். டிப்பர் இன்றைக்கும் ஓடுகிறது.

அந்தத் தம்பியைக் கேட்டால், “அவன் பயிற்சிக்கு வரலைங்க சார்” என்கிறார். வந்திருந்தால் மட்டும்? சும்மா இருக்கச் சொல்லிக்கொடுத்தீர்களா?

வைக்கத்தில் இது நூறு வருஷத்துக்கு முன்பே நடந்தது. 1924 மார்ச் 30-இல் குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் என்று மூன்று பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கத் தடைசெய்த கோயில் வீதியை நோக்கி நடந்து கைதானார்கள். தினமும் ஆள் போனார்கள், தினமும் கைது. சில நாளில் அரசு கைது செய்வதை நிறுத்திவிட்டு வேலி போட்டு மறித்தது. தொண்டர்கள் வேலிக்கு முன்னால் உட்காருவதைத் தவிர வழியில்லை. முறை வைத்து உட்கார்ந்தார்கள், ராட்டை நூற்றார்கள், பாட்டுப் பாடினார்கள், அந்த வருஷத்துப் பெருவெள்ளத்தில் தண்ணீருக்குள்ளேயே நின்றார்கள். பெரியாரும் நாகம்மையும் போன அந்தப் போராட்டம் 1925 நவம்பர் வரை நீண்டது. இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலைக்கு எதிரே 2002 ஏப்ரல் 22-இல் சமரப்பந்தல், அதாவது போராட்டப் பந்தல், போட்டார்கள். ஆலை நின்றது 2004 மார்ச்சில். நடுவில் மயிலம்மாவும் மற்றவர்களும் செய்ததில் பெரும்பகுதி, தினமும் வந்து அந்தப் பந்தலில் உட்கார்ந்ததுதான்.

எனவே சலிப்பையும் ஒத்திகை பாருங்கள். ஆட்களை வெயிலில் இரண்டு மணி நேரம் உட்காரவையுங்கள். யாரும் வரக்கூடாது, நீங்களும் பேசக்கூடாது. யார் முதலில் நெளிகிறார், யார் போனை எடுக்கிறார், யார் பக்கத்து ஆளைச் சீண்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். போராட்ட நாளில் அவர்களுக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும்: தண்ணீர், குடை, ஓலை முடைவது, கணக்கு எழுதுவது. யார் ஆறு மணிக்கு உட்காருவது, யார் பத்து மணிக்கு மாற்றிவிடுவது, யார் பிள்ளைகளைக் கூட்டிவருவது, பெண்கள் எந்த வீட்டில் ஒதுங்குவது என்பதெல்லாம் முந்தின நாளே முடிவாக வேண்டும். எழுந்திருக்கும் நேரத்தையும் முன்பே ஊரறியச் சொல்லிவிடுங்கள். ஐந்து மணிக்கு எழுவோம் என்று சொல்லி ஐந்துக்கு எழுந்தால் அது உங்கள் முடிவு. நான்குக்குக் கலைந்தால் அவர்கள் ஜெயித்த மாதிரி. குவாரி மேனேஜர் சிரித்துக்கொண்டே டீ வாங்கி அனுப்பினால் குடிப்பதா வேண்டாமா என்பதையும் நடித்துப் பாருங்கள். லத்தியைவிட அந்த டீதான் ஊரைச் சீக்கிரம் இரண்டாக்கும்.

போலீஸ் வேஷத்தை ஒரே ஆளுக்குக் கொடுப்பது

ஊரில் பெரிய மீசைக்காரர் ஒருவர் இருப்பார். எல்லா ஒத்திகையிலும் அவர்தான் எஸ்.ஐ. கூட்டம் சிரிக்கும், நாடகம் முடிந்துவிடும். 1959-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில், கறுப்பின உரிமைக்காகப் போராடிய ஜேம்ஸ் லாசன் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது வேஷத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஏசுகிறவனாகவும் ஏச்சு வாங்குகிறவனாகவும் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தார்கள். 1960 பிப்ரவரியில் அந்த மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிய உணவகங்களில் உட்கார்ந்து அடி வாங்கினார்கள். ஒரு வரிசையைக் கைது செய்து கொண்டுபோனதும் அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. நம் ஊரிலும் மீசைக்காரரைக் கீழே உட்காரவைத்து, ஒரு பெரியம்மா கையில் லத்தியைக் கொடுங்கள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் பயிற்சி ஆரம்பிக்கும்.

சட்டத்தைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளுவது

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பிறகு, தவிர்க்க முடியாத காரணமும் மாஜிஸ்திரேட் அனுமதியும் பெண் போலீசும் இல்லாமல் பெண்களைக் கைது செய்யக்கூடாது. குறைந்தது இந்த இரண்டையும் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லும்வரை சொல்லிக்கொடுங்கள். ஜாமீனுக்கு யார் வருவார் என்பதும் முந்தின நாளே தெரிந்திருக்க வேண்டும்.

மலையாளத்தில் அச்சடித்த தாள்

ஆட்கள் வாசிப்பது தமிழ். மாற்றுங்கள்.

முடிந்ததும் பஸ் ஏறிவிடுவது

போராட்டம் நடந்த அன்று மாலையே எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். மறுநாள் என்றால் ஆளுக்கொரு கதை சேர்ந்துவிடும். யார் பயந்தார், யார் கோபப்பட்டார், எந்த நேரத்தில் கூட்டம் தளர்ந்தது என்று அவர்களே சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கல்லெறிந்த பையனையும் கூப்பிடுங்கள். முதலில் அவனைப் பேசவிடுங்கள்.