காலையில் உடற்பயிற்சி, நேராக ஆபீஸ்: சட்டை கசங்காமல் கொண்டுபோகும் முறை

ஆறு மணிக்குப் பூங்காவிலோ ஜிம்மிலோ பயிற்சி. ஒன்பது மணிக்குக் கிண்டியிலோ ஓ.எம்.ஆரிலோ ஆபீஸ். நடுவில் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் டிராஃபிக்கே நேரத்தைத் தின்றுவிடும். அதனால் ஆபீஸ் உடுப்பைப் பையில் வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டியிருக்கிறது. நல்ல பழக்கத்தைத் தொடங்கிவிட்டு, "சட்டையெல்லாம் கசங்கிப் போகுதுப்பா" என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு சட்டைக்காக உடம்பைக் கவனிக்காமல் விடக் கூடாது.

முதலில் துணி ஏன் கசங்குகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். பருத்தி இழை செல்லுலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஈரம் பட்டால் அந்தப் பிடி தளரும். காயும்போது துணி எந்த நிலையில் கிடக்கிறதோ, அந்த நிலையிலேயே மறுபடி இறுகும். கூடவே சூடும் இருந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுவதும் இதே கணக்குதான். வியர்வைத் துண்டும் சுடச்சுட டிபன் பாக்ஸும் சட்டைக்குப் பக்கத்தில் இருந்தால், பையே ஓர் இஸ்திரிப் பெட்டியாகி, கோணல்மாணலாகத் தேய்த்து வைத்துவிடும். ஆகவே மடிப்பைவிட ஈரத்துக்கும் சூட்டுக்கும்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும்.

படி 1: பயிற்சி நாளுக்கு ஏற்ற துணி

லினன்தான் சீக்கிரம் கசங்கும். அதற்கு அடுத்தது மெல்லிய சுத்தப் பருத்தி. பாலியஸ்டர் கலந்த பருத்தி நன்றாகத் தாங்கும். பாலியஸ்டர் இழை ஈரத்தை அதிகம் உறிஞ்சாது, உடம்புச் சூட்டுக்கு இளகவும் இளகாது. ஆனால் கலப்பு அதிகமானால் சென்னை வெயிலில் புழுங்கும். பருத்தி பாதிக்குமேல் இருக்கிற கலப்புத் துணியாகப் பாருங்கள். பேன்ட்டுக்குப் பாலியஸ்டர் விஸ்கோஸ் கலப்பு போதும்.

கடையில் 'ரிங்கிள் ஃப்ரீ' என்று விற்கும் பருத்திச் சட்டைகளும் உதவும். அவற்றில் ரசாயனப் பூச்சு கொடுத்து, செல்லுலோஸ் சங்கிலிகளை ஈரத்துக்குத் தளராதபடி குறுக்கே பிணைத்திருப்பார்கள். அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் வேலை பார்த்த ரூத் பெனரிட்டோ என்ற வேதியியலாளருக்கு இந்தத் துறையில் பெரிய பங்கு உண்டு. அவர் பெயரில் 55 காப்புரிமைகள் இருக்கின்றன. துவைத்து உதறிப் போட்டாலே மாட்டிக்கொள்ளலாம் என்கிற சௌகரியம் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு.

படி 2: முந்தின நாள் இரவே இஸ்திரி

காலையில் அவசரமாகத் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் மடித்துப் பையில் திணிப்பது வேண்டவே வேண்டாம். தேய்த்து எடுத்த துணியில் சூடும் கொஞ்சம் ஈரமும் இருக்கும். அப்போது விழுகிற மடிப்பு அப்படியே பதிந்துவிடும். இரவு தேய்த்து, ஹேங்கரில் மாட்டி, ஃபேன் காற்றில் நன்றாக ஆறவிடுங்கள். தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுக்கிறவர்களும் வாங்கி வந்தவுடன் பிரித்து மாட்டிவிடுங்கள். அடுக்கி வைத்த கட்டில் அடித்துணி வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

பெட்டியில் இருக்கும் புள்ளிகளைப் பார்த்துச் சூடு வையுங்கள். ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. சுத்தப் பருத்திக்கு மூன்று, கலப்புக்கு இரண்டு.

படி 3: மடிப்பு

இதற்கு ஒரு ஏ4 அளவு கெட்டி அட்டை வேண்டும். பழைய ஃபைல் அட்டையே போதும்.

சட்டையில் கழுத்துப் பட்டன், நடுவில் ஒன்று, அடியில் ஒன்று போடுங்கள். கட்டிலிலோ மேஜையிலோ குப்புறப் போட்டு, உள்ளங்கையால் நீவி விடுங்கள். அட்டையைக் காலருக்குச் சற்றுக் கீழே, முதுகின் நடுவில் வையுங்கள். வலது பக்கத்தை அட்டையின் ஓரத்தை ஒட்டி உள்ளே மடித்து, கையை நேராகக் கீழ்நோக்கி நீட்டி விடுங்கள். இடது பக்கமும் அப்படியே. இப்போது ஒரு நீளமான பட்டை கிடைக்கும்.

அடுத்ததுதான் முக்கியமான இடம். கீழ்ப்பகுதியை மேலே மடிக்கும்போது வயிற்றுக்கு நேராக ஒரு கோடு விழும். மீட்டிங்கில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படுவது அந்தக் கோடுதான். அதைத் தவிர்க்க, மடிப்பு விழும் இடத்தில் அன்றைக்குப் போடப்போகிற பனியனைச் சுருட்டி வைத்து, அதன்மேல் வளைத்து மடியுங்கள். கூர்மையாக மடங்கினால் கோடு விழும், வளைந்து போனால் விழாது. அடியில் மிச்சம் இருக்கும் பகுதியை இன்னொரு மடிப்பு மடித்துக்கொள்ளுங்கள். அது பேன்ட்டுக்குள் போகிற இடம், கோடு விழுந்தாலும் கவலையில்லை. அட்டையை உருவ வேண்டாம், உள்ளேயே இருக்கட்டும். பெல்ட்டைச் சுருட்டிக் காலருக்குள் வைத்தால் காலரும் நசுங்காது.

பேன்ட்டின் இரண்டு கால்களிலும் உள்ள இஸ்திரிக் கோடுகளை ஒன்றாகச் சேர்த்து நீளமாகப் போட்டு, முழங்கால் பகுதியில் சட்டைப் பொட்டலத்தை வைத்து, இரண்டு பக்கத்தையும் அதன்மேல் போர்த்துங்கள். முழங்காலில் மடிப்புக் கோடும் வராது, சட்டைக்கு ஒரு உறையும் ஆயிற்று. கடைசியாக, டிரை கிளீனிங் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் நுழைத்துவிடுங்கள். வழவழப்பாக இருப்பதால் மற்ற சாமான்கள் உரசும்போது துணியைப் பிடித்து இழுக்காது.

சேலை கட்டுகிறவர்களுக்கு: கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் ஒரு மடிப்பு விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். அதைப் பயிற்சி இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜெட், கிரேப் இரண்டும் பைக்குள் கிடந்தாலும் உதறினால் சரியாகிவிடும். முதல் நாள் இரவே கொசுவத்தையும் தோள் மடிப்பையும் எடுத்து, தேய்த்து, துணி கிளிப் போட்டு வைத்தால் ஆபீஸ் பாத்ரூமில் கட்டுவதற்கு அதிக நேரம் ஆகாது. பிளவுஸைச் சேலை மடிப்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள், தேட வேண்டாம். குர்த்திக்குச் சட்டை முறையே சரி. துப்பட்டாவைச் சுருட்டினால் போதும்.

படி 4: பையில் வைக்கும் விதம்

லேப்டாப் வைக்கும் தட்டையான அறைதான் சட்டைக்கும் நல்ல இடம். ஆனால் முதுகோடு ஒட்டும் பக்கம் வியர்வையும் உடம்புச் சூடும் இறங்கும். எனவே முதுகுப் பக்கம் லேப்டாப், அதற்கு அடுத்து துணிப் பொட்டலம் என்று வையுங்கள். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் தனிப் பையில் வரட்டும். சாம்பார் சிந்தினால் கசங்கல் எல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடும். ஸ்கூட்டரில் வருகிறவர்கள் பையை முன்னால் கால் வைக்கும் இடத்தில் நிமிர்த்தி வைக்கலாம். முதுகில் மாட்டுவதைவிட அது நல்லது.

படி 5: உடம்பு ஆறிய பிறகே சட்டை

பலர் தவறவிடுகிற படி இது. ஓட்டத்தை நிறுத்தினாலும் உடம்பின் உட்சூடு உடனே இறங்காது. குளித்து, துவட்டி, சட்டை மாட்டிய பிறகும் வியர்த்துக்கொண்டே இருக்கும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம், வியர்வை சுலபமாகக் காயாது. முதுகும் அக்குளும் நனைந்து, அப்படியே நாற்காலியில் சாய்ந்தால், இரவு முழுக்கக் காப்பாற்றிய சட்டை பத்தே நிமிடத்தில் கசங்கிவிடும்.

அதனால் பயிற்சி முடிந்ததும் ஒரு பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். தண்ணீர் குடியுங்கள். வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரில் குளியுங்கள். கழுத்து, கை, கால்களில் கடைசியாகக் கொஞ்சம் அதிகமாக ஊற்றிக்கொள்ளுங்கள். துவட்ட நம்ம ஊர் ஈரிழைத் துண்டுதான் நல்லது. டர்க்கி டவல் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்காது, பையில் இடமும் அடைக்காது, சீக்கிரம் காய்ந்துவிடும். பிறகு பேன்ட்டும் பனியனும் மட்டும் போட்டுக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே இன்னொரு பத்து நிமிடம் இருங்கள். நெற்றியில் வியர்வை நின்றுவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டுங்கள். பவுடர் போடுவதானால் தோல் முழுக்கக் காய்ந்த பிறகு போடுங்கள். ஈரத்தில் போட்டால் களியாகிக் காலரில் அப்பிவிடும்.

ஜிம்மில் குளித்தாலும் சட்டையை அங்கேயே மாட்டாதீர்கள். டி-ஷர்ட்டில் வந்து ஆபீசில் மாற்றுங்கள். மாநகரப் பேருந்துக் கூட்டம், மெட்ரோ நெரிசல், தோளில் தொங்கும் பை வார் எல்லாவற்றையும் அந்த டி-ஷர்ட்டே தாங்கிக்கொள்ளும். ஏசி காற்று வறண்டது என்பதால் வியர்வையும் அடங்கியிருக்கும்.

ஆபீசில் அலமாரியோ லாக்கரோ இருந்தால் இன்னும் சுலபம். திங்கட்கிழமை அந்த வாரத்துச் சட்டைகளை ஹேங்கரோடு கொண்டுபோய் மாட்டிவிடுங்கள். ஷூவும் பெல்ட்டும் அங்கேயே இருக்கட்டும்.

கசங்கியே விட்டால்

சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டுங்கள். விரலைத் தண்ணீரில் நனைத்து, கசங்கிய இடத்தில் மட்டும் லேசாகத் தெளித்து, அடி ஓரத்தைப் பிடித்து இழுத்து நீவி விடுங்கள். தளர்ந்த பிணைப்புகள் நேரான நிலையில் இறுகட்டும். ரெஸ்ட் ரூமில் கை உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதன் சூடான காற்றைக் காட்டலாம். நன்றாகக் காயும்வரை மாட்ட வேண்டாம், ஈரத்தோடு போட்டால் புதுக் கசங்கல் விழும். உடம்பில் சட்டை இருக்கும்போதே இஸ்திரிப் பெட்டியை வைப்பது ஆபத்து, தோல் பொசுங்கிவிடும்.

நனைந்த பயிற்சி உடுப்பைத் தனிக் கவரில் போட்டு, துணிப் பொட்டலம் இருக்கும் பையில் வைக்காமல் டிபன் பையோடு கொண்டு வாருங்கள். ஆபீஸ் சேர்ந்ததும் கவரின் வாயைத் திறந்து, பால்கனியிலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ காற்றுப்படும்படி வையுங்கள். மழைக்காலத்தில் நாள் முழுக்க மூடியே கிடந்தால் வாடை பிடித்துவிடும், அப்புறம் ஒரு துவையலில் போகாது. வீட்டுக்குப் போனதும் முதலில் அதை அலசிப் போட்டுவிட்டு, நாளைய சட்டைக்கு இஸ்திரிப் பெட்டியை எடுங்கள்.