கறுத்துப்போன கொத்தமல்லி

பெங்களூரிலிருந்து துபாய்க்கு விமானத்தில் கொத்தமல்லி அனுப்புகிறேன். இரண்டு தடவை இலை கறுத்து, பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கிப் போய்ச் சேர்ந்தது. மனசே விட்டுப்போனது. ஐஸ் பேக்கைக் கூட்டினேன். அதைத் தொட்ட இலைகளும் வெந்ததுபோல் ஆகிவிட்டன.

கார்கோ கொட்டகையில் மூட்டை ஏற்றும் சேலத்து அண்ணன்தான் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தார். "தம்பி, சூட்டோடவே மூடிட்டீங்க. கீரை பறிச்சப்புறமும் மூச்சு விடும்."

உண்மைதான். அந்த மூச்சில் வரும் சூடும் ஈரமும் மூடிய பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டன. ஐஸ் பேக் குளிரைக் காக்கும், அவ்வளவுதான். வெயிலில் வந்த கீரையை அது குளிர்விக்காது. இப்போது வேரைக் கழுவி, ஈரம் வடியவிட்டு, குளிர் அறையில் இரவு முழுக்க 2 டிகிரியில் வைக்கிறேன். அப்புறம் துளையிட்ட பை, ஐஸ் பேக்குக்கும் இலைக்கும் நடுவே அட்டை.

நான் அனுப்பும் உறைய வைத்த பரோட்டாவுக்கு மட்டும் உலர் பனிக்கட்டி (டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு). அது மைனஸ் 78 டிகிரி. வாயுவாக மாறுவதால் பெட்டியைக் காற்றுப்புகாமல் ஒட்டவே கூடாது.

போன வாரப் பெட்டியில் ஒரு கட்டுகூட வீணாகவில்லை.