பழைய கொலை வழக்கைத் தேடத் தொடங்குவது எப்படி? மலையகத்துப் புதியவர்களுக்கு

பழைய குற்ற வழக்குகளில் ஆர்வம் வந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறீர்களா? வாருங்கள். மூன்று வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் நின்றேன். என் அப்பாயியின் அண்ணன் 1950களில் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வெட்டிக் கொல்லப்பட்டார். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அப்பாயி இறந்த பிறகு நானாகத் தேடத் தொடங்கி, தட்டுத் தடுமாறி ஒரு வழி கண்டுபிடித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இணையத்தில் தேடுவது, புகைப்படம் எடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: ஒரே ஒரு மரணத்தை எடுங்கள்

'மலையகக் குற்றங்கள்' என்று பொதுவாக இறங்காதீர்கள். ஒரு சாவு, ஓர் இடம், ஒரு வருடம், அது போதும். கொப்பியின் முதல் வரியில் கொல்லப்பட்டவரின் பெயரை எழுதுங்கள். கொன்றவரின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உத்துவன்கந்தை சரதியலை எல்லோருக்கும் தெரியும். பணக்காரரிடம் கொள்ளையடித்து ஏழைக்குக் கொடுத்தான் என்று சின்ன வயதிலேயே கதை கேட்டிருப்போம். 1864 மார்ச் 21 அன்று, மாவனல்லையில் அவனைப் பிடிக்கப் போன இடத்தில் உயிரை விட்ட கான்ஸ்டபிள் சபானை எத்தனை பேருக்குத் தெரியும்? கடமையில் உயிரிழந்த முதல் இலங்கைப் பொலிஸ்காரர் அவர். பொலிஸார் இன்றும் மார்ச் 21-ஐ வீரர் தினமாக நினைவுகூர்வது அவரை முன்னிட்டுத்தான்.

சரதியல் கதையில் புதியவர்கள் பழக வேண்டிய ஒரு பாடமும் இருக்கிறது. அவன் போகம்பரைச் சிறையில் தூக்கிலிடப்பட்டான் என்று யாராவது சொன்னால் உடனே வருடத்தைப் பாருங்கள். அவன் கண்டியில் பகிரங்கமாகத் தூக்கிலிடப்பட்டது 1864 மே 7 அன்று. போகம்பரைச் சிறை கட்டப்பட்டது 1876-இல். கேட்கிற கதை ஒவ்வொன்றையும் இப்படிக் கட்டடத்தோடும் சாலையோடும் ரயிலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக் கதை அங்கேயே உதிர்ந்துவிடும்.

படி 2: கொப்பி

நூற்றறுபது பக்க சி.ஆர். கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று. கணினியில் அட்டவணை போடச் சொல்வார்கள். எனக்குக் கொப்பிதான் சரி. இடது பக்கத்தில் பதிவில் இருப்பது, வலது பக்கத்தில் ஆட்கள் சொன்னது. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலக்கவே கூடாது. எதை எழுதினாலும் அதை எந்த நாளில், எங்கே, எதிலிருந்து எடுத்தீர்கள் என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

படி 3: பெயரை மூன்று விதமாக எழுதுங்கள்

நான் ஏழு மாதம் சிக்கிக் கிடந்தது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் தாத்தா, பாட்டன்மாரின் பெயர்களை ஏடுகளில் எழுதியவர்கள் தமிழில் எழுதவில்லை. கிளாக்கர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர் நகல் எடுத்தார். ஆகவே ஒரே ஆள் ஒரே வழக்கில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார். என் பாட்டனாரின், அதாவது கொல்லப்பட்ட அப்பாயியின் அண்ணனின், பெயர் 'கரு' என்று தொடங்கும். ஆங்கிலத்தில் 'கே' எழுத்தில் மாதக்கணக்காகத் தேடினேன். ஒரு நாள் பெயரேட்டின் 'சி' பக்கத்தைச் சும்மா புரட்டினேன். மங்கிய மையில், ஓர் எழுத்தின் மேல் இன்னொன்று ஏறி, அவர் அங்கே இருந்தார். கை நடுங்கிப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

தெரிந்த வழக்கு ஒன்றை வைத்துப் பழகிப் பாருங்கள். 1941-இல் புப்புரஸ்ஸ ஸ்டெலன்பர்க் தோட்டத்துத் துரை (தோட்ட நிர்வாகி) போப் கொல்லப்பட்டார். தோட்டங்களில் தொழிற்சங்கக் கொந்தளிப்பு ஓய்ந்திராத காலம் அது. இரண்டு தொழிலாளர்கள் 1942-இல் போகம்பரையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் வீராசாமி. ஆங்கிலத்தில் 'வீ' எழுத்தைப் போட்டு அவரைத் தேடினால் பல இடங்களில் கிடைக்க மாட்டார். 'டபிள்யூ' போட்டால் வருவார். மற்றவரின் பெயரை ஆங்கில எழுத்துப்படி வாசித்தால் 'வெலைத்தன்' என்று வரும். வேலாயுதன் என்ற பெயர்தான் அப்படிச் சுருங்கிப் போயிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். முருகனின் வேலைத் தாங்கிய பெயர் தூக்குமேடை ஏறும்போது அந்த நிலையில் இருந்தது என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். ஒரு பெயரை எடுத்ததும் 'வ'-வுக்கு இரண்டு எழுத்து, 'க'-வுக்கு மூன்று எழுத்து, 'ச'-வுக்கு மூன்று எழுத்து என்று போட்டு எல்லா வடிவத்தையும் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். கடைசி எழுத்து 'ன்' ஆகவும் 'ம்' ஆகவும் மாறும், 'ஆய்' என்பது 'ஐ' ஆகும். அப்புறம் தகப்பன் பெயர். நம் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும். பெயரேடு போட்டவர் சிலசமயம் அதைச் சொந்தப் பெயராக எண்ணி அதன் கீழே போட்டிருப்பார். ஆகவே தகப்பன் பெயரிலும் தேடுங்கள். பெண்களாக இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். பல ஏடுகளில் இன்னாரின் மனைவி என்று மட்டுமே இருப்பார்கள்.

படி 4: தோட்டத்துக்கும் இரண்டு பெயர்

இதுவும் பெயர் விஷயம்தான், ஆனால் தனியாகச் சொல்ல வேண்டும். ஏட்டில் இருப்பது கம்பனிப் பெயர், ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர், துரை மகளின் பெயர். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், புழங்குவது வேறு. நாங்கள் 'பழைய தோட்டம்' என்று சொல்வோம், 'மேமலை' என்போம். அதே பெயரில் அடுத்த பள்ளத்தாக்கிலும் ஒரு தோட்டம் இருக்கும். பெரியவர்கள் சொல்லும் 'பழைய தோட்டம்' எது என்று உறுதிப்படுத்தாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

இதற்கு நான் நம்புவது பெர்குசன் டிரெக்டரி என்ற பழைய ஆங்கில விபரக் கொத்தைத்தான். தோட்டம், அது இருக்கும் பகுதி, அந்த வருடம் யார் துரை என்பதெல்லாம் அதில் இருக்கும். துரை பெயர் கிடைத்துவிட்டால் போதும். 'அந்தக் கட்டைத் துரை காலத்தில' என்று ஒரு தாத்தா சொன்னால் அது எந்த வருடங்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். பிற்காலத்தில் தோட்டங்கள் ஒன்றாய்ச் சேர்ந்தன, பிரிந்தன. இன்று ஒரு டிவிஷனாக இருப்பது அன்று தனித் தோட்டமாக இருந்திருக்கலாம்.

படி 5: பத்திரிகை

கொழும்பு 7-இல் தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது. பழைய பத்திரிகைத் தொகுப்புகளை அங்கே பாருங்கள். 1930-க்குப் பிந்திய வழக்கென்றால் வீரகேசரியை முதலில் எடுங்கள், அதன் பிறகு ஆங்கிலப் பத்திரிகை. அதற்கு முந்தியதென்றால் ஒப்சேவரும் டைம்ஸும்தான். தமிழ் நூல்கள், மலர்கள், பழைய சஞ்சிகைகளுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம் பெரிய உதவி, அதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். சம்பவம் நடந்த நாளை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவராதீர்கள். மலையிலிருந்து செய்தி போய்ச் சேர நாளாகும். பத்து நாள் இதழ்களையாவது புரட்டுங்கள்.

படி 6: நீதிமன்றப் பதிவை வாசிப்பது

வழக்கின் தலைப்பே காலத்தைச் சொல்லும். 'அரசர் எதிர்' என்று இருந்தால் 1952 பெப்ரவரிக்கு முந்தியது, 'அரசி எதிர்' என்றால் அதற்குப் பிந்தியது. 1972 மே மாதத்தில் குடியரசானதும் முடியின் பெயரே போய்விட்டது.

என்.எல்.ஆர். என்று வழக்கறிஞர்கள் சொல்லும் சட்ட அறிக்கைத் தொகுதிகளைப் புதியவர்கள் முதலில் எடுப்பார்கள். எடுங்கள், ஆனால் முழுக் கதையையும் எதிர்பார்க்காதீர்கள். மேன்முறையீட்டில் எழுந்த சட்டக் கேள்விதான் அங்கே பேசப்படும். செத்தவர் எப்படிப்பட்டவர், யாருக்குப் பிள்ளை என்பதற்கு அங்கே இடமில்லை.

தண்டனைச் சட்டக்கோவை 1883-இல் வந்தது. 294-ஆம் பிரிவு கொலை எது என்று சொல்கிறது, 296 அதற்கு மரண தண்டனை என்கிறது. 297 என்று கண்டால், நீதிமன்றம் அதைக் கொலையாக எடுக்காமல் குறைந்த குற்றமாகக் கண்டிருக்கிறது. திடீர்ச் சண்டையா, ஆத்திரமூட்டலா என்று அங்கே தேடுங்கள். என் பாட்டனாரைக் கொன்றவருக்குக் கிடைத்தது 297. வீட்டில் எல்லோரும் அவரைத் தூக்கில் போட்டதாகவே நம்பியிருந்தார்கள்.

இன்னொன்று, 'பொலிஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டான்' என்று பத்திரிகையில் வாசித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். 1895-ஆம் வருட சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆகவே பத்திரிகையில் பெரிதாக வந்தது வழக்கில் இல்லாமலே போகலாம்.

சில சாவுகளுக்கு வழக்கேட்டை மட்டும் பார்த்தால் போதாது. 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். விசாரணைக்கு ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காக இடதுசாரித் தலைவரும் வழக்கறிஞருமான கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். அதே விவகாரம் முற்றி அமைச்சர்கள் பதவி விலகும் வரை போனது. ஆகவே கோவிந்தனைத் தேடுகிறவர் ஆணைக்குழு அறிக்கைக்கும் அரசாங்க சபை விவாதத்துக்கும் போக வேண்டும். இன்று ஜனவரி 10-ஐ மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறோம்.

படி 7: லயத்துக்குப் போய்க் கேட்பது

எல்லாம் எழுதியான பிறகுதான் இது. கையில் பதிவு இல்லாமல் போனால் உங்கள் கேள்வியே பதிலைக் கெடுத்துவிடும்.

பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) முடிந்து கொழுந்தெடுக்கப் போகிற நேரத்தில் போகாதீர்கள். மாலையில் போங்கள், ஒரு சீனிப் பெட்டியோ பிஸ்கட்டோ எடுத்துப் போங்கள். கொலை என்ற சொல்லை முதலில் எடுக்காதீர்கள். அந்த மலையில் யார் கங்காணி, பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்) எங்கே இருந்தது, திருவிழா எப்படி நடக்கும் என்று கேளுங்கள். நான் பார்க்கப் போன தாத்தாவுக்குத் தொண்ணூறுக்கு மேல். பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் தேநீர்க் கிளாசையே பார்த்தார். "எந்த ஆளக் கேக்குற பாப்பா? அந்தப் பேர்ல இந்த லயத்திலயே மூணு பேர் இருந்தாங்க" என்றார். நான் தகப்பன் பெயரைச் சொன்னேன். "ஓ, அவனா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சத்தமாச் சொல்லாத. வெட்டுனவன் பேரன் அடுத்த காம்பராவுல இருக்கான்" என்றார்.

அந்தச் சுவர் மெல்லிய சுவர். ஒரு பக்கம் இருமினால் மறுபக்கம் கேட்கும். நான் அன்றோடு குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, அடுத்த முறை வரும்போது கோவிலடியில் பேசலாமா என்று கேட்டேன்.

ஆகவே ஒரு கட்டாய விதி: உயிரோடு இருக்கிற பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பெயர், லய எண், தற்போதைய இடம் எதையும் எழுதவும் கூடாது, பகிரவும் கூடாது. குடும்பத்தார் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சாதியை வைத்து ஊகம் எழுதவே கூடாது. படங்களிலும் கவனம் தேவை, சடலப் படம் கிடைத்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 1: கண்டியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார், வழக்கேடே கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று. மரணப் பதிவைப் பாருங்கள். தோட்டம் எந்தப் பதிவாளர் பிரிவில் இருந்தது என்று தெரிந்தால், அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் பழைய மரணச் சான்றிதழின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் வயது, இறந்த இடம், காரணம் இருக்கும். எனக்கு அந்தக் காகிதத்தில்தான் பாட்டனாரின் வயது தெரிந்தது. இருபத்திரண்டு.

பின்சேர்க்கை 2: படி 3-இல் 'ழ' பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன், இரண்டு பேர் அதனால் சிக்கிக்கொண்டார்கள். பழனி, அழகன் போன்ற பெயர்களுக்கு ஆங்கிலத்தில் 'எல்' போட்டும் தேடுங்கள், 'இஸட்' போட்டும் தேடுங்கள், 'இஸட் ஹெச்' போட்டும் தேடுங்கள். என் கொப்பியில் பழனி என்ற பெயருக்கு மட்டும் இப்போது ஒன்பது வடிவம் இருக்கிறது.